ஐந்தாவது நிமிடத்து மஞ்சள்

அந்தத் திங்கட்கிழமை எழுந்திருக்கும்போதே எழிலரசிக்குக் கால் கடுத்தது. முதல் நாள் பெரணமல்லூரில் அவர்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வாரத்துக்குக் கிடைக்கிற ஒரே விடுமுறை அண்டா கழுவுவதிலேயே போய்விட்டது. நாலே முக்கால் பஸ்ஸில் கம்பியில் தலையைச் சாய்த்தவள், ஆரணியில் கண்டக்டர் இருக்கையைத் தட்டி எழுப்பிய பிறகுதான் இறங்கினாள்.

பட்டுக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்தத் தனியார் ஆஸ்பத்திரி. அதன் கீழ்த்தளத்தில் டயாலிசிஸ் பிரிவு. ஆறு படுக்கை, ஆறு மிஷின். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து, நான்கு மணி நேரம் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். எழிலரசி அங்கே மூத்த டெக்னீஷியன். நாற்பத்திரண்டு வயதில் பத்தொன்பது வருஷம் இந்த வேலையில் கரைந்திருந்தது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் கடைசி வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவள்தான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவள். அந்தப் பெருமையெல்லாம் பழகிப்போய், இப்போது எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம் வருகிற உடம்பு மட்டும் மிச்சமாகியிருந்தது.

காலையில் முதல் வேலை தண்ணீரைப் பார்ப்பது. ஓர் ஆள் ஒரு நாளைக்குக் குடிப்பது இரண்டு, மூன்று லிட்டர். மிஷினில் படுத்திருக்கும் ஆளின் ரத்தத்தை ஒட்டி, நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று மட்டும் இருக்க, நான்கு மணி நேரத்தில் நூற்றிருபது லிட்டர் ஓடுகிறது. குடிக்கிற தண்ணீரில் கெட்டது இருந்தால் வயிறும் குடலும் ஓரளவு தடுத்துப் பார்க்கும். இங்கே தடுக்க யாருமில்லை. அதனால் பின்பக்கத்து அறையில் தண்ணீர் வரிசையாகப் பல தொட்டிகளைக் கடந்து வரும். மணல் தொட்டி கலங்கலைப் பிடித்துக்கொள்ளும். கரித்தொட்டி குளோரினை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் ஆர்.ஓ. உப்பைப் பிரித்து வெளியே தள்ளும்.

அவள் ஆர்.ஓ. மீட்டரைப் பார்த்தாள். எட்டு என்று காட்டியது. நல்ல அளவு. பிறகு கரித்தொட்டிக்கு அடுத்த குழாயில் ஒரு கண்ணாடிக் குப்பி தண்ணீர் பிடித்து, பரிசோதனை மருந்தில் சில சொட்டு விட்டாள். நிறம் மாறவில்லை. அவசரக்காரர்கள் அத்தோடு கொட்டிவிட்டு நோட்டில் டிக் அடித்துவிடுவார்கள். தண்ணீரில் தனியாக இருக்கிற குளோரின்தான் உடனே நிறம் காட்டும். தண்ணீரிலுள்ள கழிவோடு சேர்ந்துகொண்ட குளோரின் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். எழிலரசி குப்பியை மேடைமேல் வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து பாதத்தைப் பிசைந்தாள்.

ஐந்தாவது நிமிடம் நிமிர்ந்தபோது குப்பி மஞ்சளாக இருந்தது. ரொம்ப வெளிறிய மஞ்சள்தான். வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்தபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. குப்பியைக் கழுவி மறுபடி பிடித்தாள். மறுபடியும் மஞ்சள். ஆர்.ஓ.வுக்கு அப்பால், நேராக மிஷினுக்குப் போகிற குழாயில் பிடித்தாள். அதுவும் மஞ்சள்.

வாட்ச்மேன் எல்லப்பனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"போர் மோட்டாரு காயில் சனிக்கெழமையே எரிஞ்சிபோச்சும்மா. மேனேஜரு நேத்து லாரித் தண்ணி வாங்கி ரொப்பிட்டாரு" என்றார் எல்லப்பன். "நல்ல தண்ணிதாம்மா. நானே ரெண்டு சொம்பு குடிச்சேன்."

ஆறு மணிக்கு நோயாளிகள் வந்து சேர்ந்தார்கள். வாசலில் எடை பார்க்கும் மிஷின்மேல் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். இரண்டு வருகைக்கு நடுவே ஏறுகிற எடையெல்லாம் உடம்பிலிருந்து வெளியேற வழியில்லாமல் தங்கிவிட்ட நீர். நான்கு பேருக்கு இரண்டு கிலோ, இரண்டரை கிலோ கூடியிருந்தது. ஐந்தாவதாக வந்த ஜ்வாலாமாலினி அம்மாளுக்கு ஒரு கிலோகூட இல்லை. மேனேஜர் ஹேமசந்திரனின் தாயார் அவர். எதிலும் கட்டுப்பாடு தவறாதவர். சமண வழக்கப்படி தண்ணீரை மடித்த துணியில் வடிகட்டிக் காய்ச்சி, அதையும் அளந்துதான் குடிப்பார்.

ஆறாவது ஆள் குப்புராஜ். படவேட்டில் வாழைத்தோப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், நாற்பத்தேழு வயது. வெள்ளிக்கிழமை வந்திருக்க வேண்டும். ஆடி வெள்ளி, ரேணுகாம்பாள் கோயில் கூட்டத்தில் பஸ்ஸை எங்கேயோ நிறுத்திவிட்டார்கள். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு அவரும் மனைவி லீலாவும் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். இன்று மச்சானின் பைக்கில் அவரை நடுவில் உட்கார வைத்து அழைத்து வந்திருந்தாள் லீலா. எடை ஆறரை கிலோ கூடியிருந்தது. முகம் ஊதிக் கண் சிறுத்திருந்தது. நான்கு வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்கினார்.

"சிஸ்டர், மொதல்ல என்னைப் போட்டுடுங்க" என்றார். "படுக்க முடியல. ராவெல்லாம் உக்காந்துகினே இருந்தேன்."

எழிலரசி அவரை நாற்காலியில் சாய்த்து ஆக்சிஜன் வைத்தாள். மாடியிலிருந்த டியூட்டி டாக்டரை வரச் சொன்னாள். பிறகு ஹேமசந்திரனைத் தண்ணீர் அறைக்குக் கூட்டிப்போய்க் குப்பியைக் காட்டினாள்.

ஹேமசந்திரன் குப்பியை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பத்தைந்து வயதுக்குள் தலையில் பாதி நரைத்திருந்த மனிதர். முதலாளிக்கும் நோயாளிகளுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவதுதான் அவருடைய உத்தியோகம்.

"இதுல என்ன சிஸ்டர் இருக்குது? தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குதே."

"வெள்ளப் பேப்பர் வெச்சுப் பாருங்க சார்."

அவர் பார்த்தார். முகம் சற்று மாறியது. உடனே மீட்டரைக் காட்டினார். "மீட்டரு எட்டுன்னு சொல்லுது. நீங்களே சொல்வீங்க, பத்துக்குள்ள இருந்தா நல்ல தண்ணின்னு."

"மீட்டருக்கு உப்பு மட்டும்தான் தெரியும். குளோரின் தெரியாது. ஆர்.ஓ.லயும் அது நிக்காது. கரித்தொட்டிலதான் நிக்கணும். கரி செத்துப்போச்சு சார். மாத்தணும்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேன்."

ஹேமசந்திரன் லாரிக்காரருக்குப் போன் போட்டார். ஆடி மாதம் முழுக்க அந்த லாரி கூழ் ஊற்றுகிற இடங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. யாருக்கும் வயிற்றுப்போக்கு வந்துவிடக் கூடாது என்று லாரிக்காரர் ப்ளீச்சிங் பவுடரைக் கைநிறையப் போட்டிருந்தார். நல்லது செய்ததாகவே போனில் சொன்னார். குடிக்கிறவர்களுக்கு அது நல்லதுதான்.

"வாடைகூட வரல" என்றார் ஹேமசந்திரன், போனை வைத்துவிட்டு. "மண்ணு கிண்ணு இருந்தா அடில தங்கும், கண்ணுக்குத் தெரியும்."

"அது தனியா நிக்கிற கலப்பு சார். மணல் தொட்டியே புடிச்சிடும். இது கரைஞ்சது. அடில ஒரு சொட்டு, மேல ஒரு சொட்டு, எங்க எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும். பாத்தா ஒண்ணும் கலக்காத தண்ணிதான்னு தோணும்."

"எங்கம்மாவும்தான் படுக்கப் போறாங்க. நான் என்ன தெரிஞ்சே வெஷத்தக் குடுப்பனா?"

"தெரிஞ்சு குடுக்க மாட்டீங்க சார். அதுக்குத்தான் சொல்லிகினு இருக்கறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், சென்னைப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. அன்று காலை மீட்டரை மட்டும் பார்த்துவிட்டுத் தண்ணீர் சரி என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஐந்து பேரைப் போட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு காய்கறிக்காரம்மா நெஞ்சு வலிக்கிறது என்றார். எழிலரசி ட்யூபைப் பார்த்தாள். ரத்தம் எப்போதும் அடர்த்தியாக, மறுபக்கம் தெரியாமல் இருக்கும். பார்க்க ஒரே சிவப்பாக இருந்தாலும் அதற்குள் கோடிக்கணக்கான அணுக்கள் தனித்தனியாக மிதக்கின்றன. வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறிவிடுகிறது. அன்று அந்த அம்மாவின் ட்யூப் வழியாக மறுபக்கத்துக் கட்டில் கம்பி தெரிந்தது. அணுக்கள் உடைந்து, உள்ளே இருந்த சிவப்பெல்லாம் கரைந்து, ரத்தம் பன்னீர் சோடா போல ஆகியிருந்தது. நான்கு பேரைக் காப்பாற்றினார்கள். அந்தக் கையெழுத்தைப் பற்றி யாரும் அவளை விசாரிக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

இதை அவள் ஹேமசந்திரனிடம் சொல்லவில்லை. "வேலூர் டாக்டர்கிட்ட பேசிடலாம் சார்" என்று மட்டும் சொன்னாள்.

சிறுநீரக டாக்டர் வேலூரிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வருபவர். போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மற்ற ஐந்து பேரும் மத்தியானம் வரை தாங்குவார்களா என்று கேட்டார். தாங்குவார்கள் என்றாள். குப்புராஜின் இதயத் துடிப்புப் படத்தை அனுப்பச் சொன்னார். டியூட்டி டாக்டர் எடுத்து அனுப்பினார். அலைகள் கூடாரம் போலக் கூர்ந்து நின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டதன் அடையாளம்.

"இவர் மத்தியானம் வரைக்கும் தாங்க மாட்டார்" என்றார் டாக்டர். "ஊசியெல்லாம் போட்டு, ஆம்புலன்ஸ்ல உடனே இங்க அனுப்புங்க. நான் மிஷினை ரெடியா வெச்சிருக்கேன்." பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஒரு மணி நேரம் ஆகுமில்ல?"

"ஆவும் சார். ரோடு வேற சரியில்ல."

"அந்த ஒரு மணி நேரமும் ரிஸ்க்குதான். அங்கயே ஒரு மணி நேரம் ஓட்டினாலும் ரிஸ்க்குதான். நான் தண்ணியப் பாக்கல, நீங்க பாத்திருக்கீங்க. எவ்வளவு மஞ்சள்?"

எழிலரசி குப்பியை மறுபடி காகிதத்தின்மேல் வைத்தாள். அளவுப் பட்டையில், இருக்கலாம் என்ற அளவைப் போல நான்கு மடங்கு இருந்தது. சொன்னாள்.

"அப்ப அனுப்பிடுங்க" என்றார்.

வெளியே வந்து லீலாவிடம் சொன்னபோது அவளுக்குப் புரியவில்லை. ஆறு மிஷினும் சும்மா நிற்கின்றன. ஆள் நாற்காலியில் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறார். வேலூருக்குப் போ என்கிறார்கள்.

"இன்னா சிஸ்டர் இது, அநியாயமா இருக்குது? மிஷின்தான் கீதே" என்றாள். "அங்க போய்ச் சேர்றதுக்குள்ள எதுனா ஆயிட்டா?"

"தண்ணி சரியில்லங்க. அந்தத் தண்ணியில போட்டா ரத்தம் உடைஞ்சிடும்."

லீலா நேராகத் தண்ணீர் அறைக்குப் போய், குழாயைத் திறந்து, கையில் பிடித்துப் பார்த்தாள். ஒரு வாய் குடித்தும் பார்த்தாள். திரும்பி வந்து, "எங்க ஊரு கெணத்துத் தண்ணியவிட நல்லாருக்குது" என்றாள்.

குப்புராஜ் முகமூடியை விலக்கினார். "போடுங்க சிஸ்டர். என் ஒடம்பு. எங்க கையெழுத்து வோணுமோ... அங்க போட்டுத் தரேன்."

"முடியாதுங்கண்ணா."

"நாலு வருசமா... உங்க கையிலதான் ஊசி போட்டுக்கறேன். ஒரு தபா கேக்கறேன்."

"முடியாதுங்க. வண்டி வந்துகினு இருக்குது."

ஹேமசந்திரன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "அந்த ஆளு வழியில போயிட்டா அந்தப் பேச்சு நம்ம தலையிலதான் வந்து விழும். அவருக்கு மட்டும் ஒரு மணி நேரம் போடலாமா? அபிதாவப் போடச் சொல்றேன்."

அபிதகுசாம்பாள் இன்னொரு டெக்னீஷியன். இரண்டு வருஷ அனுபவம். அவள் கையுறையோடு மிஷின் ஓரத்தில் நின்றபடி எழிலரசியையும் மேனேஜரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

எழிலரசி மிஷின்களுக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடினாள். தண்ணீர் நோட்டை எடுத்துத் தேதி, நேரம், அளவு எல்லாம் எழுதி, 'பயன்படுத்தக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை ஹேமசந்திரனிடம் நீட்டினாள்.

"போடலாம்னா அதுக்குக் கீழ நீங்க எழுதுங்க சார். அபிதா போடும்."

ஹேமசந்திரன் பேனாவை வாங்கினார். வெகுநேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜ்வாலாமாலினி அம்மாள், மகனைப் பார்க்காமலே, "வேணாம் ஹேமா" என்றார். ஹேமசந்திரன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு வழிவிட வாசலுக்குப் போனார்.

டியூட்டி டாக்டர் ஊசிகளைப் போட்டார். ஏழு மணிக்கு வண்டி கிளம்பியது. ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டே ஏறிய லீலா கடைசியில் திரும்பி எழிலரசியைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது அந்தப் பார்வை. கூடப் போகலாமா என்று எழிலரசி ஒரு கணம் நினைத்தாள். உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். வண்டி சந்தைத் தாண்டும்வரை நின்றுவிட்டுத் திரும்பினாள்.

அதன்பிறகு காத்திருப்பதுதான் வேலை. சேவூர் ரோட்டில் கேன் தண்ணீர் போடுகிற அன்புச்செல்வனிடம் புதுக் கரி மூட்டை இருந்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார். எழிலரசி பெஞ்சில் ஜ்வாலாமாலினி அம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"துணியில எட்டு மடிப்பு மடிச்சு வடிகட்டினாலும் போவாதா அது?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"போவாதும்மா. தூசி, பூச்சி, புழு எல்லாம் துணில நிக்கும். கரைஞ்சது நிக்காது."

"அறுபது வருஷமா வடிகட்டறேன். தண்ணி சுத்தமா ஆயிட்டுதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"உயிருங்க சாவக் கூடாதுன்னுதான வடிகட்டறீங்க. அதுக்கு அது சரிதாம்மா. நம்ம ரத்தத்துல இருக்கற உப்பு, கழிவு எல்லாம் கூடக் கரைஞ்சதுதான். துணில வடிகட்ட முடிஞ்சா இந்த மிஷின் எதுக்கு?"

அம்மாள் உள்ளே நின்ற மிஷின்களைப் பார்த்தார். "அப்ப ஒண்ணுமே கலக்காத சுத்தத் தண்ணி எங்களுக்கு விடறீங்களா?"

எழிலரசிக்குச் சிரிப்பு வந்தது. அந்த நாளில் அது ஒன்றுதான். "அப்படி வெறும் தண்ணிய விட்டாலும் ரத்தம் உடைஞ்சிடும்மா. அணுவெல்லாம் தண்ணிய இழுத்து ஊதி வெடிச்சிடும். சுத்தமாக்கிட்டு, அதுல நாங்களே அளந்து உப்பு, சோடா எல்லாம் கலக்கறோம். விடறதும் கலப்புதான். என்ன கலந்திருக்குது, எவ்ளோ கலந்திருக்குதுன்னு தெரிஞ்ச கலப்பு. லாரித் தண்ணி அப்படி இல்ல."

அம்மாள் தலையை ஆட்டினார். ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையை மடியில் வைத்து, மற்றக் கையால் அதன் துடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டார்.

எட்டரைக்கு அன்புச்செல்வன் வந்தார். கரித்தொட்டியைத் திறந்து பழைய கரியை வாரிக் கொட்டினார்கள். வழவழவென்று பாசி பிடித்ததுபோல இருந்தது. புதுக் கரியைப் போட்டுக் கழுவத் தொடங்கியபோது தண்ணீர் மை போல வந்தது. அப்படி வந்ததைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. கறுப்புத்தூள் கண்ணுக்குத் தெரிந்தது. போகப் போகக் குறைவதும் தெரிந்தது. எழிலரசி ஆர்.ஓ.வுக்கு அப்பாலிருந்த தொட்டியையும் குழாய்களையும் முழுக்க வடித்துவிட்டாள்.

ஒன்பதே காலுக்கு ஹேமசந்திரனின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே அவர் சுவரில் சாய்ந்தார். கண்ணமங்கலம் தாண்டியதும் குப்புராஜின் இதயம் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸில் இருந்தவர் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, நெஞ்சை அழுத்தி, மருந்து போட்டு, ஷாக் வைத்து உயிரைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். இரண்டு விலா எலும்பு முறிந்திருக்கிறது. இப்போது வேலூரில் மிஷினில் இருக்கிறார். நினைவு இன்னும் சரியாகத் திரும்பவில்லை.

"உயிர் இருக்குது" என்றார் ஹேமசந்திரன்.

எழிலரசி தலையசைத்தாள். குழாயடியில் குனிந்து முகம் கழுவினாள். அபிதா அவள் பின்னால் வந்து நின்று துண்டை நீட்டினாள்.

பதினொன்றரைக்குத் தண்ணீர் தெளிந்தது. குப்பியில் பிடித்து, மருந்து விட்டு, ஐந்து நிமிடம் காத்திருந்தாள். ஹேமசந்திரனும் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறம் மாறவில்லை. அவருக்குப் போதுமாக இருந்தது. அவள் இன்னும் இரண்டு தடவை பிடித்தாள். பன்னிரண்டு மணிக்கு ஜ்வாலாமாலினி அம்மாளின் கையில் முதல் ஊசியைப் போட்டாள். ட்யூபில் ரத்தம் ஏறியது. அடர்த்தியாக, மறுபக்கம் தெரியாமல். மணிக்கொரு தடவை தண்ணீரைப் பார்த்தாள்; அதற்கு நடுவே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ட்யூபைப் பார்த்தாள்.

அன்று மூன்று ஷிப்ட் நடக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் நடந்தது. மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். ஒரு ஷிப்ட் போனதைப் பற்றிப் பேசினார், ஆம்புலன்ஸில் போனவரைப் பற்றி ஊரில் பேச்சு இருப்பதைச் சொன்னார், கரியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற உத்தரவு போட்டிருப்பதாகவும் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னார். எழிலரசி நின்றபடியே கேட்டுவிட்டு வந்தாள்.

பதினெட்டு நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை குப்புராஜ் திரும்ப வந்தார். இளைத்துப் போயிருந்தார். இருமும்போது நெஞ்சைக் கையால் அணைத்துக்கொண்டார். எழிலரசி ஊசித் தட்டோடு போனபோது கையை வேட்டிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு போடட்டும்" என்றார் அபிதாவைக் காட்டி. எழிலரசியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அபிதாவுக்குக் கை பழகவில்லை. முதல் தடவை தவறியது. குப்புராஜ் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் எழிலரசியைக் கூப்பிடவில்லை. மூன்றாவது கட்டிலருகே நின்றுகொண்டு அவள் இதைப் பார்த்தும் பார்க்காதவள் போல இருந்தாள். அவருடைய மிஷினுக்குப் போகும் தண்ணீரை மட்டும் அன்றும் அவள்தான் பார்த்திருந்தாள். அது அவருக்குத் தெரியாது.

மத்தியானம் அவர் தூங்கிய பிறகு வராந்தாவில் லீலா அவளை நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா சிஸ்டர்?"

"கேளுங்க."

"அன்னிக்கு நீங்க இங்கயே போட்டிருந்தா அவருக்கு இன்னா ஆயிருக்கும்?"

எழிலரசி யோசித்தாள். ஆறுதலாகச் சொல்ல ஒரு பதில் இருந்தது. கட்டாயம் செத்திருப்பார் என்று சொல்லிவிட்டால் லீலாவும் அவரிடம் போய்ச் சொல்வாள். அடுத்த தடவையே கையை நீட்டுவார்.

"தெரியலங்க" என்றாள். "ரத்தம் உடைஞ்சிருக்கலாம். ஒரு மணி நேரந்தான், ஒண்ணும் ஆவாமலும் போயிருக்கலாம். எனக்கு நெஜமாவே தெரியாது."

லீலா கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே மிஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"ராவுல நெஞ்சு வலிக்குதுன்னு எழுந்து உக்காந்துகினு உங்களைத் திட்டறாரு. நானும் வேணாம்னு சொல்றதில்ல" என்றாள்.

"திட்டட்டுங்க. பரவால்ல."

"எனக்கே ஆறல சிஸ்டர். அந்த வண்டியில அவரு கண்ணு மேல சொருவனத நான் பாத்தேன்."

லீலா பெஞ்சிலிருந்த துணிப்பையை எடுத்துக் கீழே வைத்தாள். இடம் ஒதுக்கினாளா, பையைத்தான் எடுத்தாளா என்று தெரியவில்லை. எழிலரசி உட்கார்ந்தாள். இருவரும் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கண் சொருகியது. உள்ளே நான்காவது மிஷினின் அலாரம் கத்தத் தொடங்கியதும் முட்டியில் கையை ஊன்றி எழுந்து போனாள்.